தேக்கின் வளையம் சொல்லும் மழைக் கணக்கு

திருத்தணி வட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "2003-ல் ஒரு ஏக்கரில் ஆறரை அடிக்கு ஒன்றாகத் தேக்கு வைத்தேன். மிச்சக் கன்றுகளை வரப்பில் நட்டேன். வரப்பு மரம் பருத்திருக்கிறது. தோட்டத்து மரம் கொம்பு மாதிரி நிற்கிறது. மண் சரியில்லை என்கிறார் வியாபாரி. மழை சரியில்லை என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். வந்த விலைக்குக் கொடுத்துவிடலாமா?"

நாலு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. இருபது வருஷக் காத்திருப்பை ஒரே நாளில் விலை பேசுவதற்கு முன்னால், மரத்தையே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். எல்லா மரமும் பதில் சொல்லாது. தேக்கு சொல்லும்.

கோடை வரும்போது தேக்கு இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். மழை விழுந்து துளிர் விடும்போது, நீர் ஏற்றுவதற்காகப் பெரிய பெரிய துவாரங்கள் உள்ள மரத்தை முதலில் கட்டும். பிறகு மழைக்காலம் முழுக்க நெருக்கமான மரம். அடுத்த வருஷம் மறுபடி துவார வரிசை. துவாரம் தொடங்கும் கோடுதான் வருஷத்தின் எல்லை. நம் மலைக்கு வருஷத்தின் நாளுக்கு ஒன்றாக 365 படி என்பார்கள். தேக்குக்கு வருஷத்துக்கு ஒரே படிதான். வேம்பு, மா, புளியில் இந்தக் கோட்டை நம்பி எண்ண முடியாது. பனை, தென்னையில் வளையமே கிடையாது.

இந்தக் கணக்கை அறிவியலாக்கியவர் அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்த டக்ளஸ் என்ற வானியலாளர். ஒரே வட்டாரத்து மரங்களில் அகல வளையமும் குறுகல் வளையமும் ஒரே வரிசையில் வருவதைக் கவனித்து, ஒரு மரத்தை இன்னொன்றோடு பொருத்தி வருஷம் குறித்தார். தேக்கில் இதைச் செய்தவர் டச்சுக்காரரான பெர்லாகே. ஜாவாத் தீவின் தேக்கைக் கொண்டு 1514 முதல் 1929 வரை கணக்கெழுதி 1931-ல் வெளியிட்டார். நமக்கு நெருக்கமானது கேரளத் தேக்கு. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் 1481 முதல் 2003 வரை 523 வருஷத்துக்கு வளைய வரிசை தயாரித்து 2010-ல் வெளியிட்டார்கள். எல் நினோ வந்து பருவமழை பொய்த்த வருஷங்களில் வளையம் குறுகியிருந்தது. அதே 2010-ல் ஆசியா முழுவதும் 300-க்கும் மேற்பட்ட இடங்களின் மர வளையங்களைச் சேர்த்து ஒரு வறட்சி வரைபடத் தொகுப்பு வந்தது. நம் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, அந்த 1876-78 வறட்சி அதில் பளிச்சென்று தெரிகிறது. இதற்காக மரத்தை வெட்ட வேண்டியதில்லை. குழல் போன்ற துளைப்பானைத் திருகி, பென்சில் கனத்துக்கும் குறைவான குச்சி ஒன்றை உருவி எடுப்பார்கள்.

நமக்குத் துளைப்பான் வேண்டாம். தோட்டத்து நடுவில் ஒன்று, வரப்பில் ஒன்று என இரண்டு மரம் வெட்டினால் போதும். வெட்டுவதற்கும் ஏற்றிப்போவதற்கும் என்ன விதி என்று வனச்சரக அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தரையை ஒட்டி அறுக்க வேண்டும். உயரத்தில் அறுத்தால் கன்றாக இருந்த வருஷங்கள் விட்டுப்போகும். அறுத்த முகத்தை இழைப்புளியால் இழைத்து, உப்புத்தாள் போட்டு, தண்ணீர் தடவி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெட்டிய வருஷம் நமக்குத் தெரியும் என்பதால் பட்டைப் பக்கமிருந்து உள்ளே எண்ணுவதுதான் சரி. சாய்ந்த மரத்தில் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும்; நாலு திசையிலும் அளந்து சராசரி எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நம் பகுதிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழை. நடுவில் நல்ல காய்ச்சல் வந்து, மறுபடி மழை பிடித்தால் ஒரே வருஷத்தில் இரண்டு கோடு விழலாம். பொய்க் கோடு பெரும்பாலும் மங்கலாக இருக்கும், சுற்றிலும் முழுதாக ஓடாது.

இனி படிக்கும் விதம். வறட்சி எல்லா மரத்தையும் ஒரே வருஷத்தில் அடிக்கும். மழை வந்ததும் வளையம் மறுபடி விரியும். 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. 2016, 2017 வளையங்களை இரண்டு வில்லையிலும் தேடிப் பாருங்கள். இரண்டிலும் குறுகி, பிறகு இரண்டும் விரிந்திருந்தால் அது மழையின் வேலை. மண்தான் குற்றவாளி என்றால் முதல் சில வளையத்திலிருந்தே இளைப்பு தெரியும்.

ஆறேழு வருஷம் நன்றாக விரிந்து, அதன்பின் தோட்டத்து மரத்தில் மட்டும் வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டே போய், நல்ல மழையிலும் விரியாவிட்டால்? அது நெருக்கம். (வயதாக ஆக எந்த மரத்திலும் வளையம் கொஞ்சம் குறுகும், அதனால்தான் வரப்பு மரத்தோடு ஒப்பிடச் சொல்கிறேன்.) ஆறரை அடி இடைவெளி என்றால் ஏக்கருக்குச் சுமார் ஆயிரம் மரம். நாலைந்து வருஷத்தில் ஒருமுறை, பத்து வருஷத்துக்குள் இன்னொரு முறை கலைத்துவிட்டிருக்க வேண்டும். கன்று விற்றவர்கள் பலர் இதைச் சொல்லவே இல்லை. ஆயிரம் மரத்துக்கு ஆயிரம் மடங்கு விலை என்று பெருக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

மழையும் இடமும் சரியாக இருந்து வளையம் மட்டும் குறுகினால் புழுவைச் சந்தேகியுங்கள். நிலம்பூரின் இளம் தேக்குத் தோட்டங்களில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார், இலை தின்னும் புழுவிடமிருந்து காத்த மரங்களையும் காக்காத மரங்களையும் ஒப்பிட்டார்கள். காக்காதவை பருமனில் 44 சதவீத வளர்ச்சியை இழந்திருந்தன. துளிர் விடும் நேரத்தில் இலையைத் தின்றுவிடுவதால், நாம் கவனிப்பதற்குள் நஷ்டம் நடந்து முடிந்துவிடுகிறது.

கேள்வி கேட்டவருக்கு என் கருத்து: வரப்பு மரம் பருத்திருக்கிறது என்று அவரே எழுதியிருப்பதால், நெருக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும். வில்லையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளட்டும். மொத்தமாக விற்க வேண்டாம். நோஞ்சான், கோணல், தலை சிறுத்த மரங்களை முதலில் எடுத்து விற்கலாம். தலைப்பு அகலமாக உள்ளவை இடம் கிடைத்தால் இன்னும் பருக்கும். உச்சியில் நாலு இலையோடு நிற்பவை இனிமேல் பெரிதாகத் தேறாது. ஒரே மூச்சில் பாதியைக் காலி செய்யாமல், இரண்டு தவணையாகக் கலையுங்கள். திடீரென்று வெளி விழுந்தால் மெலிந்த மரங்கள் காற்றுக்குச் சாயும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்த மாவட்டம் நம்முடையது.

நிற்கிற மரங்களில் இருபதுக்கு எண் போட்டு, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, வருஷத்துக்கு ஒருமுறை அதே மாதத்தில் சுற்றளவை நாடாவால் அளந்து நோட்டில் எழுதுங்கள். வெட்டிய இரண்டு வில்லைகளையும் நிழலில் உலர்த்தி, பின்பக்கம் வெட்டிய தேதியை எழுதி வையுங்கள். வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.