உங்களுக்குத் தெரியுமா? ‘மை’, ‘மைன்’: தமிழ்ப் பிள்ளைக்குப் பாதி தெரிந்த பாடம்

புத்தகம் எந்தப் பக்கம்?
மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே முதலாம் ஆண்டில் சேரும் ஏழு வயதுப் பிள்ளை தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் சேர்த்தே எழுதப் பழகுகிறது. தமிழில் ‘என் புத்தகம்’. மலாயில் ‘புக்கு சாயா’, அதாவது புத்தகம் முதலில், உடையவர் பிறகு. ஆங்கிலத்தில் மறுபடியும் தமிழைப் போலவே ‘மை புக்’. பிள்ளை ‘புக் மை’ என்று எழுதினால் திட்டாதீர்கள். மலாய்ப் பாடத்தை நன்றாகக் கற்றிருக்கிறது. ‘இதைத் தமிழ் மாதிரி சொல்லு’ என்றால் உடனே திருத்திக்கொள்ளும்.

வாலைப் பாருங்கள்
‘மை’ எங்கே, ‘மைன்’ எங்கே என்று பல பிள்ளைகள் தடுமாறுவார்கள். விடை தமிழிலேயே இருக்கிறது. ‘என்னுடைய போத்தல்’ என்னும்போது பின்னால் ஒரு பொருள் வருகிறது. ‘என்னுடையது’ என்றால் சொல் தனியே நிற்கிறது, ‘து’ என்ற வாலோடு. ஆங்கிலத்திலும் தனியே நிற்கும் சொல்லுக்குத்தான் வால் முளைக்கிறது: யுவர் – யுவர்ஸ், ஹெர் – ஹெர்ஸ், அவர் – அவர்ஸ், தெயர் – தெயர்ஸ். ‘மைன்’ மட்டும் தனி வடிவம். ‘ஹிஸ்’ இரண்டு இடத்திலும் மாறாது. இந்த இரண்டை மனப்பாடம் செய்தால் போதும்.

அவனா, அவளா?
மலாயில் அவனும் ‘டியா’, அவளும் ‘டியா’. அவனுடையது, அவளுடையது இரண்டுக்கும் ‘ன்யா’ என்ற ஒரே ஒட்டு. எனவே மலாய் பேசி வளரும் பிள்ளைக்கு ‘ஹிஸ்’, ‘ஹெர்’ பிரிவினை புதிது. தமிழ்ப் பிள்ளையோ ‘அவனோட பை’, ‘அவளோட பை’ என்று பேசிக்கொண்டேதான் பள்ளிக்கு வருகிறது. இது தாய்மொழி தந்த முன்பணம்.

கியூபெக்கில் ஒரே ஒரு கேள்வி
பிரெஞ்சில் உடைமைச் சொல் உடையவரின் பாலைப் பார்ப்பதில்லை, உடைமைப் பெயரின் பாலைத்தான் பார்க்கும். அதனால் கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு பேசும் பிள்ளைகள் ஒரு சிறுமியின் அப்பாவைக்கூட ‘ஹிஸ் ஃபாதர்’ என்றார்கள். ஜோவன்னா வைட், லைலா ராந்தா என்ற ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் அதற்கு மருந்தாக அமைந்தது ‘யாருடையது?’ என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பழக்கம். நம் வகுப்பறைக்கும் அது பொருந்தும்.

பாட்டி ஏன் ‘தெயர்’ ஆனார்?
‘பாட்டி, அவங்க கண்ணாடி’ என்று மரியாதையோடு பழகிய பிள்ளை, ஆங்கிலத்தில் ‘தெயர்’ என்று எழுதக்கூடும். ‘அவங்க’ பன்மையும் ஆகும், மரியாதையும் ஆகும். பாட்டியை ‘ஹெர்’ என்பதால் மரியாதை குறையாது என்று ஒரு முறை அன்பாகச் சொல்லிக்கொடுங்கள்.

ஒற்றைப் பிள்ளைக்கும் ‘எங்க’ அம்மா
உடன்பிறப்பு இல்லாத பிள்ளையும் ‘எங்க அம்மா’ என்றுதான் சொல்லும். வீட்டையும் உறவையும் பன்மையில் சொல்வது நம் வழக்கம். ஆங்கிலத்தில் அது ‘மை மதர்’ ஆகும். ‘அவர் மதர்’ என்று எழுதிய பிள்ளையிடம் இந்த வேறுபாட்டைச் சொன்னால் புரிந்துகொள்ளும்.

ஆங்கிலத்தில் இல்லாதது
‘நம் பள்ளி’ என்றால் கேட்பவரும் உள்ளே. ‘எங்கள் பள்ளி’ என்றால் கேட்பவர் வெளியே. மலாயிலும் இதே வேறுபாடு உண்டு: ‘கித்தா’, ‘காமி’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘அவர்’ ஒன்றுதான். ஜொகூரின் தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்திடம் இல்லாத ஒன்றை இரண்டு மொழிகளில் வைத்திருக்கிறது.

‘இட்ஸ்’ வயதில் சின்னது
பழைய ஆங்கிலத்தில் அஃறிணைக்கும் ‘ஹிஸ்’தான். 1611-இல் அச்சான கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் ‘இட்ஸ்’ என்ற உடைமைச் சொல் ஒரு தடவைகூட வரவில்லை. அது பரவிய பிறகும் வெகுகாலம் நடுவில் மேற்குறி (அப்பாஸ்ட்ரபி) இட்டே எழுதினார்கள். இன்று நம் பிள்ளை அந்தக் குறியைத் தவறாகப் போட்டால் சிவப்பு மையைத் தூக்குமுன் இதை நினையுங்கள். ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று விரிக்க முடிந்தால் குறி உண்டு, ‘இதனுடைய’ என்ற பொருள் வந்தால் குறி இல்லை. அவ்வளவே விதி.

நன்னூல் தரும் விளையாட்டு
ஆறாம் வேற்றுமை உணர்த்தும் உடைமையை நன்னூல் இரண்டாகப் பிரிக்கிறது. ‘என் கை’ என்பது தற்கிழமை, என்னைவிட்டுப் பிரியாதது. ‘என் பென்சில்’ என்பது பிறிதின்கிழமை, கைமாறக்கூடியது. ‘மை’ சொல்லிக்கொடுக்கக் கை, மூக்கு, பெயர் போதும். ‘மைன்’ சொல்லிக்கொடுக்கக் கைமாறும் பொருள் வேண்டும். அடிக்கோல், அழிப்பான், தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு ஒவ்வொன்றாக எடுங்கள். ‘யாருடையது?’ என்று கேட்டதும் வகுப்பே ‘மைன்!’ என்று கத்தும்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கும்
விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்பட்டு இருட்டிய பின் திரும்பும் பெற்றோர் ஜொகூர் பாருவில் ஏராளம். பாடம் சொல்லிக்கொடுக்க நேரமோ ஆங்கிலமோ இல்லையே என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை. துணி மடிக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துத் தமிழிலேயே கேளுங்கள்: ‘இது யாருடையது?’ பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும். அப்பா சட்டைக்கு ‘ஹிஸ்’, அக்கா பாவாடைக்கு ‘ஹெர்ஸ்’, தன் பள்ளிச் சீருடைக்கு ‘மைன்’. துணி மடித்து முடிவதற்குள் அன்றைய பாடமும் முடிந்திருக்கும்.