வெளிநாட்டுல விளையாடப் போறீங்களா? 'வீட்டு நினைப்பு' வந்தா என்ன பண்ணணும்?

வெளிநாட்டு கிளப்ல இடம் கிடைச்சாச்சு. ஏர்போர்ட் செல்ஃபி, ஸ்டேட்டஸ் வாழ்த்து எல்லாம் முடிஞ்சு, ஹாஸ்டல் ரூம்ல முதல் ராத்திரி தனியா உட்காரும்போது தொண்டை அடைக்குதா? 'இவ்ளோ கஷ்டப்பட்டு வந்துட்டு அழறோமே, நமக்கு இது செட் ஆகாதோ'னு தோணுதா?

மெஸ்ஸியும் அப்படி அழுதவர்தான். அர்ஜென்டினாவின் ரொசாரியோவிலிருந்து பார்சிலோனா போனபோது அவருக்கு 13 வயசு. கூட வந்த அம்மாவும் உடன்பிறந்தவர்களும் சில மாதங்களில் ஊர் திரும்பிவிட, அப்பாவும் மகனும் மட்டும் தங்கினார்கள். அப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு தனியா ரூம்ல அழுததை, பிறகு அவரே சொல்லியிருக்கார்.

ஸ்பெயின் வீரர் ஹெசூஸ் நவாஸ் கதை இன்னும் தீவிரம். செவில்லாவை விட்டு வெளியே தங்கினாலே அவருக்குப் பதற்றம் வந்துவிடும். அதனால தேசிய அணியின் பயிற்சி முகாமுக்குக்கூட போக முடியாத நிலை. சிகிச்சை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா பழகி, 2009-ல் ஸ்பெயின் அணிக்காக ஆடினார். அடுத்த வருஷமே உலகக் கோப்பை! 2013-ல் மான்செஸ்டர் சிட்டிக்குப் போய் நான்கு சீசன் விளையாடினார்.

ரெண்டு பேருக்கும் ஏக்கம் இருந்தது. அதோடவேதான் ஜெயிச்சாங்க. நீங்க என்ன செய்யலாம்?

வாயைத் திறந்து சொல்லுங்க: நீங்க சோர்ந்து நின்னா, 'பையனுக்கு ஆர்வமில்லை'னு கோச் நினைக்கலாம். கோச்கிட்ட கூச்சமா இருந்தா, பிசியோகிட்டயோ சீனியர்கிட்டயோ சொல்லுங்க.

போனுக்கு நேரம் குறிங்க: தூங்கப் போறப்ப வீடியோ கால் பேசினா தூக்கம் போயிடும். தூக்கம் போனா மறுநாள் பயிற்சியும் போச்சு. சாயங்காலமே பேசி முடிச்சிடுங்க.

சும்மா இருக்கும் நாள்தான் ஆபத்து: பயிற்சி இருக்கும் நாள் ஓடிடும். லீவு நாளும், காயம்பட்டு உட்காரும் நாளும்தான் கடிக்கும். அந்த நாளுக்குன்னு மொழி வகுப்பு, சமையல், மார்க்கெட்னு ஏதாவது முன்னாடியே திட்டமிடுங்க. உள்ளூர் மொழியில நாலு வார்த்தை பேச ஆரம்பிச்சாலே டிரெஸ்ஸிங் ரூம்ல தனிமை குறையும்.

பார்சல்ல கவனம்: அம்மா அனுப்பும் பருப்புப்பொடி ஓகே. ஆனா சளி மாத்திரை, லேகியம், புரோட்டீன் பவுடரை டீம் டாக்டர்கிட்ட காட்டாம தொடாதீங்க. சில சளி மருந்துகள்ல இருக்கும் சூடோஎஃபெட்ரின், போட்டி நேரத்துல அளவைத் தாண்டினா ஊக்கமருந்து விதிமீறல்.

எப்போ உதவி தேடணும்? ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமில்லை, சாப்பாடு இறங்கலை, மைதானத்துக்குப் போகவே பயமா இருக்குன்னா தள்ளிப்போடாம மனநல நிபுணரைப் பாருங்க. முட்டி வலிக்கு டாக்டர்கிட்ட போறோம்ல, இதுவும் அப்படித்தான்.

எல்லாம் செஞ்சும் முடியலையா? ஊர் திரும்புறது தோல்வி இல்லை. நவாஸ் 2017-ல் செவில்லாவுக்கே திரும்பினார். கேப்டனா யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கினார். 38 வயசுல, 2024 யூரோ கோப்பை ஜெயிச்ச ஸ்பெயின் அணியிலயும் இருந்தார்.

அதனால, இன்னிக்கு ராத்திரி அழுகை வந்தா அழுதுடுங்க. ஆனா நாளைக்குக் காலையில யார்கிட்டயாவது சொல்லிடுங்க!