லிங்க்குக்குப் பெயர் கிடையாது: கிளவுடில் யாருக்கு, எவ்வளவு அனுமதி?

"டிரைவ்ல போட்டு லிங்க் அனுப்பிடுங்க." கல்லூரி அட்மிஷன், வேலை விண்ணப்பம், குடியிருப்போர் சங்கக் கணக்கு, கல்யாண ஆல்பம் என்று எதை எடுத்தாலும் இப்போது இந்த ஒரு வரியில் வேலை முடிந்துவிடுகிறது. எதிரில் இருப்பவர் "ஓப்பன் ஆகல, பர்மிஷன் கேக்குது" என்று சொன்னால் என்ன செய்கிறோம்? 'லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்' என்று மாற்றிவிட்டு, "இப்ப பாருங்க" என்கிறோம். ஓப்பன் ஆகிவிடும். அதன் பிறகு அந்த அனுமதியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

இதையேதான் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஏஐ ஆராய்ச்சிக் குழுவும் செய்தது. கம்ப்யூட்டர் தெரியாதவர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்று நினைப்பவர்களுக்காகவே இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2051 வரை செல்லும் சாவி

ஏஐ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மெஷின் லேர்னிங். ஆயிரக்கணக்கான படங்களையோ எழுத்துகளையோ காட்டி ஒரு கம்ப்யூட்டருக்குப் பழக்கினால், பழகி முடித்த பிறகு கிடைப்பது 'மாடல்'. இதற்குத் தேவையான சக்தி வாய்ந்த கம்ப்யூட்டர்களை எல்லோரும் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. அதனால் அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களிடம் இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பார்கள். தகவல், மாடல், கணக்குவழக்கு எல்லாமே அங்கேதான் இருக்கும். இதுதான் கிளவுட்.

மைக்ரோசாஃப்ட் குழு, படங்களை அடையாளம் காணும் சில மாடல்களை எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று வெளியிட்டது. நல்ல நோக்கம்தான். டவுன்லோடு செய்ய ஒரு லிங்க் கொடுத்தார்கள். 2020 ஜூலை 20 அன்று அந்த லிங்க் கிட்ஹப் தளத்தில் ஏறியது.

அந்த மாடல்கள் இருந்த இடத்தை மட்டும் திறக்க வேண்டிய லிங்க், அந்தச் சேமிப்புக் கணக்கு முழுவதையும் திறந்துவிட்டது. உள்ளே இருந்தது 38 டெராபைட் தனிப்பட்ட தகவல். 128 ஜிபி போனில் போட்டால் ஏறக்குறைய 300 போன்கள் நிறையும். இரண்டு ஊழியர்களின் கம்ப்யூட்டர் பேக்கப், பாஸ்வேர்டுகள், ரகசியச் சாவிகள், 359 ஊழியர்கள் அலுவலக 'டீம்ஸ்' செயலியில் அனுப்பிய 30,000-க்கும் மேற்பட்ட மெசேஜ்கள் எல்லாம் அதில் அடக்கம்.

இன்னொரு விஷயம் அதைவிட மோசம். அந்த லிங்க்கில் இருந்தது பார்க்கும் அனுமதி மட்டுமல்ல, முழு அதிகாரம். கோப்புகளை அழிக்கலாம், மாற்றியும் வைக்கலாம். மெஷின் லேர்னிங்கில் இது ஏன் பெரிய ஆபத்து என்றால், மாடல் கோப்பு என்பது போட்டோ மாதிரியான சாதுவான கோப்பு இல்லை. சில வகை மாடல் கோப்புகளைத் திறந்தாலே அதற்குள் எழுதி வைத்திருக்கும் நிரல் ஓட ஆரம்பித்துவிடும். அந்த மாடல்களும் அந்த வகைதான். உள்ளே புகுந்த ஒருவர் கெட்ட நிரலைச் சொருகி வைத்திருந்தால், மைக்ரோசாஃப்ட் பெயரை நம்பி டவுன்லோடு செய்த எல்லோருடைய கம்ப்யூட்டரும் மாட்டியிருக்கும்.

லிங்க்குக்குக் காலக்கெடு இருந்தது. 2021 அக்டோபர் 5-ஆம் தேதி காலாவதி. மறுநாளே புதுப்பித்தார்கள். புதிய காலக்கெடு 2051 அக்டோபர்! முப்பது வருடம். அடிக்கடி புதுப்பிக்கும் தொல்லை வேண்டாமே என்ற அந்த மனநிலை நமக்கும் பழக்கமானதுதானே?

விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்து 2023 ஜூன் 22-இல் மைக்ரோசாஃப்டுக்குச் சொன்னார்கள். ஜூன் 24-இல் லிங்க் முடக்கப்பட்டது. செப்டம்பர் 18-இல் விஷயம் வெளியே வந்தது. வாடிக்கையாளர்களின் தகவல் எதுவும் வெளியாகவில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

பவர் பத்திரமும் வெற்றுத்தாளும்

ஏறக்குறைய மூன்று வருடம் யாருக்கும் எப்படித் தெரியாமல் போனது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், கிளவுட் அனுமதி என்றால் என்ன என்பது முழுசாகப் புரிந்துவிடும்.

நிலம் வாங்கி விற்கும் வீடுகளில் பவர் பத்திரம் பற்றித் தெரியும். யாருக்கு அதிகாரம் தருகிறோம், எந்தச் சொத்து, என்னென்ன செய்யலாம் என்று எழுதிப் பதிவு செய்கிறோம். வாடகை வசூலிக்க மட்டும் பவர் கொடுத்தால் அவர் வீட்டை விற்க முடியாது. வேண்டாம் என்றால் ரத்துப் பத்திரம் போடலாம். கிளவுட் நிறுவனங்களின் முறையான அனுமதி ஏற்பாடும் ஏறக்குறைய இதே மாதிரிதான். அமேசானின் கிளவுடில் புதிதாக ஒரு பயனரைச் சேர்த்தால், தொடக்கத்தில் அவரால் எதையும் செய்ய முடியாது. என்ன வேண்டுமோ அதை ஒவ்வொன்றாகத் தர வேண்டும். கூகுளின் 'வெர்டெக்ஸ் ஏஐ' தளத்தில் பார்வையாளர், பயனர், நிர்வாகி என்று தனித்தனிப் பொறுப்புகள் உண்டு.

ஒரு உதாரணம் பார்க்கலாம். கண்ணைப் போனில் படமெடுத்துக் கண்புரை இருக்கிறதா என்று கண்டறிய உதவும் 'இ-பார்வை' செயலியைத் தமிழ்நாடு மின் ஆளுமை முகமை உருவாக்கியது. இது போன்ற ஒரு செயலியை யார் உருவாக்கினாலும், அதற்குப் பின்னால் பலர் வேலை செய்வார்கள். படங்களைப் பார்த்து 'புரை இருக்கு, இல்லை' என்று குறிப்பவருக்குப் படம் தெரிந்தால் போதும், நோயாளியின் பெயர் தேவையில்லை. மாடலைப் பழக்கும் பொறியாளருக்குத் தகவலைப் படிக்கும் அனுமதி வேண்டும், அழிக்கும் அனுமதி வேண்டாம். ஊரில் முகாம் நடத்தும் பணியாளரின் போனுக்கு, படத்தை அனுப்பிப் பதில் வாங்கும் அனுமதி மட்டும் போதும். மனிதர்களுக்கு மட்டுமல்ல, தானாக ஓடும் நிரல்களுக்கும் தனிக் கணக்கு வைத்து அளந்துதான் அனுமதி தருவார்கள். பொறியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அவர் பெயரை நீக்கினால் போதும், மற்றவர்களின் வேலை பாதிக்காது.

மைக்ரோசாஃப்ட் குழு கொடுத்த லிங்க் இந்த வகை இல்லை. அது வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்து. லிங்க்குக்குப் பெயர் கிடையாது, 'நீ யார்?' என்று அது கேட்காது, கையில் வைத்திருப்பவர்தான் உரிமையாளர். அந்த வகை லிங்க்குகள் எத்தனை உருவாக்கப்பட்டன, யாரிடம் இருக்கின்றன என்று நிர்வாகி பார்க்கக்கூடிய பட்டியலும் இல்லை. அதை முடக்குவதற்கு, அந்தக் கணக்கின் மூலச் சாவியையே மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் அந்தச் சாவியால் உருவான எல்லா லிங்க்கும் செத்துவிடும். ஒரு டூப்ளிகேட் சாவி தொலைந்ததற்கு வீட்டுப் பூட்டையே மாற்றுகிற கதை.

நம்ம டிரைவ், நம்ம கோலாப்

சரி, நம்ம போனுக்கு வருவோம். கூகுள் டிரைவில் ஒரு கோப்பைப் பகிரும்போது இரண்டு வழி உண்டு. ஒருவரின் மின்னஞ்சலைச் சேர்த்து அவருக்கு மட்டும் தருவது ஒரு வழி. இது பவர் பத்திரம். 'எனிஒன் வித் தி லிங்க்' இன்னொரு வழி. இது வெற்றுத்தாள். ஆதார் நகல், மார்க் ஷீட், மருத்துவ ரிப்போர்ட், வங்கி ஸ்டேட்மெண்ட் எதுவாக இருந்தாலும் முதல் வழிதான் சரி. கல்யாண அழைப்பிதழ், சங்கத்தின் பொது அறிவிப்பு என்றால் லிங்க் போதும், அதில் தப்பே இல்லை.

ஃபோல்டரைப் பகிரும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி, நாளை நீங்கள் அதற்குள் போடப்போகும் கோப்புக்கும் சேர்ந்தே போகும். 'அட்மிஷன்' என்ற ஃபோல்டரை ஜூனில் ஒரு ஏஜெண்டுக்குப் பகிர்ந்துவிட்டு, ஆகஸ்டில் அதே ஃபோல்டரில் அப்பாவின் வருமானச் சான்றிதழைப் போட்டால், அதுவும் அவர் பார்வைக்குப் போய்விடும்.

'எடிட்டர்' அனுமதியை யோசித்துத்தான் தர வேண்டும். எடிட்டராக இருப்பவர், நீங்கள் தடுத்து வைக்காவிட்டால், வேறு ஆட்களையும் சேர்க்க முடியும். பவர் ஏஜெண்டே இன்னொருவருக்குப் பவர் எழுதிக் கொடுப்பது மாதிரி. 'வியூவர்' என்றால் பார்க்க மட்டும்தான், ஆனால் அவரும் டவுன்லோடு செய்யலாம். அதைத் தடுக்கத் தனி அமைப்பு இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைத் தடுக்க வழியில்லை.

பொறியியல் மாணவர்கள் புராஜெக்டுக்குப் பயன்படுத்தும் 'கூகுள் கோலாப்' பற்றியும் சொல்ல வேண்டும். லேப்டாப் சுமாராக இருந்தாலும் இணையத்திலேயே மெஷின் லேர்னிங் நிரல் ஓட்டலாம், இலவசம், அதனால் நிறைய பேர் பயன்படுத்துகிறார்கள். இணையத்தில் கிடைத்த யாரோ ஒருவரின் நோட்புக்கைத் திறந்து 'ரன்' கொடுத்தால், 'இது கூகுள் எழுதியது அல்ல' என்று ஒரு எச்சரிக்கை வரும். படிக்காமலே 'ரன் எனிவே' அழுத்துவது வழக்கம். பிறகு டிரைவை இணைக்க அனுமதி கேட்கும். அங்கே 'அலோ' கொடுத்தால், அந்த நிரலுக்கு உங்கள் டிரைவ் முழுவதையும் தொட முடியும், புராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் அல்ல. சிம்பிளான தீர்வு, புராஜெக்டுக்கு என்று தனி கூகுள் கணக்கு. அந்த டிரைவில் உங்கள் சொந்த ஆவணம் ஒன்றும் இருக்காது, போனால் புராஜெக்ட் மட்டும்தான் போகும். நண்பர்களுக்கு நோட்புக்கைப் பகிரும்போது அதற்குள் பாஸ்வேர்டோ ஏபிஐ சாவியோ எழுதி வைத்திருக்கக் கூடாது. அந்தச் சாவியை வைத்து வேறொருவர் கம்ப்யூட்டர் நேரத்தைச் செலவழித்தால், பில் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

ஏஐ செயலி கேட்கும் அனுமதி

"உங்கள் மெயிலைப் படித்துச் சுருக்கித் தருகிறேன்", "டிரைவில் உள்ள பிடிஎஃப்-ஐ விளக்குகிறேன்" என்று சொல்லும் ஏஐ செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. பயனுள்ளவைதான். 'கூகுள் மூலம் உள்நுழைக' என்று அழுத்தியதும் ஒரு பக்கம் வரும். அதில் பெயரும் மின்னஞ்சலும் மட்டும் கேட்டால் ஒரு மாதிரி. 'உங்கள் டிரைவில் உள்ள எல்லாக் கோப்புகளையும் பார்க்க, திருத்த, உருவாக்க, நீக்க' என்று கேட்டால் அது வேறு மாதிரி. ஒரே ஒரு பிடிஎஃப்-ஐப் படிக்க வந்த செயலிக்கு நீக்கும் உரிமை எதற்கு? அந்த ஒரு கோப்பை மட்டும் நேரடியாக அப்லோடு செய்தாலே வேலை முடிந்துவிடும்.

முன்பு எதற்கெல்லாம் அனுமதி கொடுத்தீர்கள் என்று பார்க்க, கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதிக்குள் போய், மூன்றாம் தரப்புச் செயலிகளின் இணைப்புகள் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். என்றோ ஒரு நாள் விளையாடிய கேம், ஒரே முறை பயன்படுத்திய போட்டோ எடிட்டர் எல்லாம் வரிசையில் நிற்கும். தேவையில்லாததை நீக்கலாம். ஒன்று மட்டும் தெரிந்து வைத்திருங்கள்: இணைப்பை நீக்கினால் இனிமேல் எடுப்பதுதான் நிற்கும். ஏற்கெனவே எடுத்த தகவலை அழிக்க, அந்தச் செயலியிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

போனில் கேமரா, மைக், லொகேஷன் கேட்கும்போது, ஆண்ட்ராய்டு 11 முதல் 'இந்த முறை மட்டும்' என்ற விருப்பம் இருக்கிறது. தயக்கம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதே அளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்று அதில் இருக்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, சட்டம் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. அதற்காகக் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. ஆதார் நகல் கேட்கும் இடத்தில் முழு எண் தேவையில்லை என்றால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுக்கலாம். ஆதார் இணையதளத்திலேயே டவுன்லோடு செய்துகொள்ளலாம்.

நீங்கள் பகிர்ந்த ஆவணத்தை யாரோ தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியவந்தால், முதலில் அந்தக் கோப்பின் பகிர்வுப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். யார் யாருக்கு அனுமதி இருந்தது என்பது அதில் இருக்கும். பிறகு அனுமதியை 'ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள். பழைய லிங்க் அந்த நிமிடத்திலிருந்து மற்றவர்களுக்கு வேலை செய்யாது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். மற்ற புகார்களை தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் போனிலிருந்தே பதிவு செய்யலாம், அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் அங்கேயே இணைக்கலாம்.