கொடியேறும் நாளில் வாசலுக்கு வெளியே

மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியில், திருமுருகன் கோயில் இருக்கும் ஊர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ. அந்த ஊர்ப்பெயர் நெடுங்காலம் ஒரு விழாவின் பெயராகவும் இருந்தது. 1660இல் ஒட்டாவா ஆற்றங்கரையில் 16 பிரெஞ்சுத் தோழர்களோடும் ஹூரோன், அல்கோன்கின் வீரர்களோடும் இரோக்குவா பழங்குடிப் படையை எதிர்த்து மடிந்தவர் ஆதாம் டொலார்ட். பாதிரியாரும் வரலாற்றாசிரியருமான லியோனல் குரூ அவரைப் பிரெஞ்சு இனத்தின் காவல் வீரராக்கினார். மற்றக் கனடியர் விக்டோரியா அரசியைக் கொண்டாடிய மே மாதத் திங்கட்கிழமை, கியூபெக்கில் டொலார்ட் நாளானது.

1972இல் அந்தத் திங்கட்கிழமை மே 22ஆம் தேதி வந்தது. இலங்கை குடியரசானதும் அதே நாள்தான். புதிய அரசியல் யாப்பு பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்தது. சிறுபான்மையினருக்குக் காவலாயிருந்த முந்தைய சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவைக் கைவிட்டது. அதை எதிர்த்துத் தமிழர் தலைவர் தந்தை செல்வா அந்த அக்டோபரில் காங்கேசன்துறைத் தொகுதி உறுப்பினர் பதவியைத் துறந்தார். குடியரசு நாள் என்றதும் ஈழத்தமிழரான நம்மவர் மனசு இன்னும் சுருங்குவது அதனால்தான்.

துருக்கியரோ தங்கள் குடியரசு நாளை மனம் நிறையக் கொண்டாடுகிறார்கள். 1923 அக்டோபர் 29 இரவு அங்காராவில் தேசியப் பேரவை குடியரசை அறிவித்து முஸ்தபா கெமாலைத் தலைவராகத் தேர்ந்தது. 101 பீரங்கி வேட்டுகள் முழங்கின. இன்றும் 28ஆம் தேதி மதியம் ஒரு மணிக்கே விடுமுறை தொடங்கிவிடும். மாடிக்கு மாடி சிவப்புக் கொடி. பள்ளிப் பிள்ளைகள் கவிதை சொல்வார்கள், நடனமாடுவார்கள். அத்தாதுர்க் எனப்பட்ட கெமாலின் நினைவிடத்தில் அரசத் தலைவர்கள் மலர்வளையம் வைப்பார்கள். இருட்டியதும் விளக்கேந்திய ஊர்வலம். 1933இல் பத்தாம் ஆண்டுக்கென எழுதிய அணிநடைப் பாட்டைத் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து பாடுவார்கள். அரசு நடத்தும் அணிவகுப்பைவிட இந்தத் தெருக் கொண்டாட்டமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. சுல்தானின் குடிகளாயிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தாங்களே நாட்டின் சொந்தக்காரர்கள் என்று உரக்கப் பாடும் இரவு அது.

ஆனால் அதே குடியரசில் குர்துகளும் வாழ்கிறார்கள். 1983இல் வந்த ஒரு சட்டம் அவர்களுடைய மொழியில் நூலோ பாட்டோ வெளியிடுவதைத் தடுத்தது. 1991இல்தான் அது நீங்கியது. தாய்மொழியை ஒடுக்கும் அரசின் பிறந்தநாளில் எப்படிக் கைதட்டுவது என்ற அவர்களின் கேள்வியை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

கியூபெக் தன் விழாவையே மாற்றியது. 2003 முதல் அந்த மே மாதத் திங்கட்கிழமை, 1837-38இல் பிரித்தானிய ஆட்சியை எதிர்த்தெழுந்த பாத்ரியோத்துகளின் நாள். அவர்களில் ஒருவரான ராபர்ட் நெல்சன் 1838 பிப்ரவரியில் விடுதலைப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார். பழங்குடிகளுக்கு மற்றவர்களுக்குள்ள அதே உரிமைகள் உண்டு, பொதுக் காரியங்களில் பிரெஞ்சும் ஆங்கிலமும் வழங்கும் என்றது அது. இரோக்குவாக்களோடு பொருதவரின் நாள் போய், அவர்களையும் குடிமக்களாய்ச் சேர்த்தெழுதியவர்களின் நாள் வந்திருக்கிறது. எழுச்சி தோற்றது, பிரகடனம் சட்டமாகவில்லை. ஆனாலும் ஜூன் 24 கியூபெக் விழாவுக்கும் ஜூலை 1 கனடா நாளுக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் நம் பெற்றோர், மே மாதத்து அந்த விடுமுறையில் நெல்சனின் அந்தத் தாளைப் பற்றியும் வீட்டில் பேசவேண்டும் என்று விரும்புகிறேன். 1972இல் நாம் கொழும்பிடம் கேட்டுக் கிடைக்காத வரிகள் அதில் இருக்கின்றன.