தேய்வின் ஏற்றத்தாழ்வு: காரின் பிறேக் பட்டைகள் பற்றிய ஒரு விளக்கம்

பிறேக் பட்டை தேய்வதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருள். ஓடும் வண்டியின் இயக்கசக்தியை உராய்வினால் வெப்பமாக மாற்றி, அம்மாற்றத்தின்போது தானும் சிறிது சிறிதாக அழிந்துபோவதே அதன் பணியாகும். ஆகவே பட்டை தேய்ந்தது என்பது தன்னளவில் ஒரு குறைபாடன்று. ஆனால் ஒரே சில்லிலுள்ள இரு பட்டைகளுள் ஒன்று இரும்பு தெரியுமளவுக்குத் தேய்ந்திருக்க மற்றையது பாதிக்கு மேல் எஞ்சியிருக்குமாயின், அல்லது இடப்புறச் சில்லின் பட்டைகளுக்கும் வலப்புறத்தனவற்றுக்கும் இடையே பெருவேறுபாடு காணப்படுமாயின், அது விளக்கம் வேண்டி நிற்கும் ஒரு நிகழ்வாகும்.

மொழி, இலக்கிய ஆய்வுகளை எதிர்பார்த்து இவ்விதழைப் புரட்டும் வாசகருக்கு இப்பொருள் வியப்பளிக்கக்கூடும். மூளை உழைப்புக்கும் உடல் உழைப்புக்கும் இடையிலான பிரிவினையைப் பற்றி வகுப்பறைகளிலும் கருத்தரங்குகளிலும் ஓயாது பேசிவரும் நாம், நாள்தோறும் எமது உயிரையும் பிறர் உயிரையும் ஒப்படைத்திருக்கும் ஒரு கருவி எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை அறியாதிருப்பது அப்பிரிவினைக்கு நாமும் உட்பட்டவர்களே என்பதற்குச் சான்றாகும். இவ்வுண்மை எமக்கு உறைத்தது கடுகண்ணாவை இறக்கத்திலாகும்.

1. நிகழ்வு

பேராதனையிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும்போது கடுகண்ணாவையைக் கடந்ததும் வீதி மாவனல்லைப் பக்கமாக வளைந்து வளைந்து இறங்குகின்றது. அவ்விறக்கத்தில் எமது பழைய ஜப்பானியக் காரின் பிறேக்கை மிதித்தபோது, முன்புறத்தில் இரும்போடு இரும்பு உராயும் ஒலி எழுந்தது. சுக்கான் வலப்புறமாக இழுபட்டது. இடப்புறமாகச் செல்லவேண்டிய எமது நாட்டில், வலப்புறம் இழுபடுதல் என்பது எதிரே ஏறிவரும் பஸ்ஸின் முன் சென்று விழுவதாகும். வேகத்தைத் தணித்து ஓரமாக நிறுத்திக்கொண்டோம். வண்டி வலப்புறம் இழுத்தமையால் வலப்புறச் சில்லிலேயே கோளாறு என்று முடிவும் செய்துகொண்டோம்.

அம்முடிவு தவறானது. கண்டியிலுள்ள வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் இரு முன்சில்லுகளையும் கழற்றி, நான்கு பட்டைகளையும் அவை இருந்த ஒழுங்கிலேயே ஒரு பலகையில் வரிசையாக வைத்தார். அதன்பின்னரே பேசத்தொடங்கினார். வலப்புறப் பட்டைகள் இரண்டும் ஏறத்தாழ ஒரே தடிப்பில் இருந்தன. இடப்புறத்தில் உட்பட்டை அடித்தகடு வரை தேய்ந்திருந்தது. வெளிப்பட்டை பெரிதும் தேயாதிருந்தது. இப்பட்டைகள் வேறொரு கராஜில் பதினொரு மாதங்களுக்கு முன்னர்தான் மாற்றப்பட்டவை. அப்போதும் இதே உட்பட்டைதான் முதலில் தேய்ந்திருந்தது. தரங்குறைந்த பட்டை என்று எமக்குக் காரணம் கூறப்பட்டது. விளைவு மாற்றப்பட்டது, காரணம் இருந்த இடத்திலேயே இருந்தது.

2. அமைப்பு

காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு அமைப்பினை அறிதல் அவசியமாகும். சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு ஒன்று. அதன் இருமருங்கும் இரு பட்டைகள். அவற்றைக் கவ்வி நிற்கும் 'கலிப்பர்' என்னும் உறுப்பு. பெரும்பாலான சிறிய கார்களில் கலிப்பரின் உட்புறத்தில் மாத்திரமே முசலம் (கராஜ் வழக்கில் பிஸ்டன்) உண்டு. மிதிக்கும்போது பிறேக் எண்ணெயின் அமுக்கம் முசலத்தைத் தள்ள, உட்பட்டை தட்டோடு நேரடியாக அழுத்தப்படுகின்றது. வெளிப்பட்டையைத் தள்ளுவதற்கு எதுவுமில்லை. எனினும் முசலம் ஒரு திசையில் தள்ளும்போது, அதன் எதிர்விசையினால் கலிப்பரின் உடல் மறுதிசையில் நகர்ந்து வெளிப்பட்டையை இழுத்துத் தட்டோடு அழுத்துகின்றது. இந்நகர்வு 'ஸ்லைட் பின்' எனப்படும் இரு உருக்குத் தண்டுகளின் மீது நிகழ்கின்றது. அத்தண்டுகள் தத்தம் துளைகளில் தடையின்றி வழுக்கும்வரையில் இரு பட்டைகளும் உழைப்பைப் பகிர்ந்துகொள்ளும். அவை இறுகிவிட்டால் உட்பட்டையே முழுச்சுமையையும் தாங்கும்.

காலை எடுத்தபின் முசலம் எவ்வாறு பின்வாங்குகின்றது என்பதும் மனங்கொளத்தக்கது. அதனை இழுப்பதற்கு வில்லொன்று இல்லை. முசலத்தைச் சுற்றியுள்ள சதுரக் குறுக்குவெட்டுடைய இறப்பர் வளையம், முசலம் வெளியே நகரும்போது சற்று வளைந்து, அமுக்கம் நீங்கியதும் தன் பழைய வடிவத்துக்கு மீளும். மீளும்போது முசலத்தையும் மில்லிமீற்றரின் ஒரு சிறு பின்னமளவு உள்ளிழுக்கும். வளையம் காலத்தால் கடினமடைந்தாலோ, முசலத்தில் துரு ஏறினாலோ, இம்மீட்சி நிகழாது. பட்டை ஓயாமல் தட்டை உரசிக்கொண்டேயிருக்கும்.

3. தேய்வின் வடிவங்கள்

இவ்வமைப்பை மனத்திற்கொண்டு நோக்கின், தேய்வின் ஒவ்வொரு வடிவமும் ஒரு குறிப்பிட்ட காரணத்தைச் சுட்டுவதைக் காணலாம்.

முதலாவது, உட்பட்டை வெளிப்பட்டையினும் மிகத் தேய்ந்திருத்தல். இது மிகப் பரவலாகக் காணப்படுவது. தண்டுகள் இறுகியிருக்கலாம், அன்றி முசலம் பின்வாங்காதிருக்கலாம். இரண்டு, மூன்று மில்லிமீற்றர் வேறுபாடு இத்தகைய கலிப்பரில் இயல்பானதே.

இரண்டாவது, வெளிப்பட்டை மிகத் தேய்ந்திருத்தல். கலிப்பர் முன்னே நகர்கின்றது, ஆனால் மீள்வதில்லை. இதற்கும் தண்டுகளையே முதலிற் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, ஒரு பட்டையே ஆப்புப் போலச் சரிவாகத் தேய்ந்திருத்தல். இரு தண்டுகளில் ஒன்று மாத்திரம் இறுகியிருப்பின் கலிப்பர் கோணலாக நகரும். பட்டையின் காதுகள் தாங்கியிலுள்ள துருவிற் சிக்கியிருப்பினும் இவ்விளைவே ஏற்படும்.

நான்காவது, ஒரு சில்லின் இரு பட்டைகளும் மற்றைச் சில்லினும் மிகத் தேய்ந்திருத்தல். இங்கு இறப்பர்க் குழாயை ஐயுறுதல் வேண்டும். முதுமையடைந்த குழாய் உட்புறத்தில் வீங்கி, மிதிக்கும்போது எண்ணெயைச் செல்லவிட்டு, விடும்போது திரும்பவிடாது தடுக்கும். சில்லை உயர்த்தி, பிறேக்கை மிதித்து விட்டபின் கையாற் சுழற்றிப் பார்க்கலாம். சுழலாவிடின் கலிப்பரிலுள்ள காற்று நீக்கும் திருகைச் சற்றே திறக்க வேண்டும். உடனே சில்லு விடுபடுமாயின் உள்ளே அமுக்கம் சிறைப்பட்டிருந்தது என்பது தெளிவு. குழாயையும், இரு புறமும் அவ்வாறே பிடித்திருப்பின் மாஸ்டர் சிலிண்டரையும் ஆராய வேண்டும். திறந்தபின்னும் விடுபடாவிடின் கோளாறு முசலத்திலோ தண்டுகளிலோ உள்ளது. இச்சோதனையின் பின் எண்ணெய் மட்டத்தைச் சரிபார்த்து, காற்றை முற்றாக நீக்காமல் வண்டியைச் செலுத்தலாகாது.

முன்பட்டைகள் பின்பட்டைகளிலும் விரைவாகத் தேய்வதைக் கோளாறு எனக் கொள்ளலாகாது. வண்டி நிறுத்தப்படும்போது பாரம் முன்சில்லுகளுக்கு மாறுவதால் அவையே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. பின்பட்டைகள் அளவுக்கு மீறித் தேய்ந்திருப்பின் கைப்பிறேக்கின் கம்பி முழுமையாக விடுபடுகின்றதா என நோக்க வேண்டும்.

இவ்விடத்தில் எமது தவறான முடிவுக்குத் திரும்புவோம். பிறேக் பிடிக்கும்போது வண்டி இழுபடுவது வலுவாகப் பிடிக்கும் சில்லின் பக்கத்துக்கே. எமது காரில் வலப்புறம் ஒழுங்காக உழைத்தது. இடப்புறத் தண்டுகள் இறுகியமையால் அப்புறம் வலுவிழந்திருந்தது. நலமாக இருந்த சில்லையே நாம் குற்றஞ்சாட்டினோம். அதேபோல இடப்புறத்தினுள்ளும், தேய்ந்த உட்பட்டையே தரமற்றது எனத் தூற்றப்பட்டது. உண்மையில் அது தன் பங்கையும் பிறிதொன்றின் பங்கையும் சேர்த்து உழைத்த பட்டை. தேயாது புதிதுபோல் நின்ற வெளிப்பட்டையோ உழைக்காத பட்டை. தேய்வை மாத்திரம் பார்ப்பவர் உழைத்தவரைக் குற்றவாளியாக்கி விடுவர். உறவைப் பார்ப்பவரே காரணத்தை அடைவர். இயந்திரத்தையும் சமூகத்தையும் ஒன்றெனக் கொள்வது பொறிமுறைவாதம் என்பதை நாம் அறிவோம். ஆயினும் தோற்றத்தில் நின்றுவிடாது அதன் பின்னுள்ள உறவுகளைத் தேடும் முறை இரண்டுக்கும் பொதுவானது.

4. திருத்தம்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஏனைய சில்லுகளுக்குத் தடைக்கட்டை வைத்து, சில்லின் நட்டுகளை உயர்த்துவதற்கு முன்னரே சற்றுத் தளர்த்துதல் வேண்டும். உயர்த்தியபின் ஜக்கை மாத்திரம் நம்பாது உறுதியான தாங்கியில் நிறுத்துதல் இன்றியமையாதது. கழற்றிய கலிப்பரைக் கம்பியினாற் கட்டித் தொங்கவிட வேண்டும். இறப்பர்க் குழாயிற் தொங்கவிட்டாற் குழாய் பழுதடையும்.

பின்னர் ஒவ்வொரு பட்டையின் தடிப்பையும் நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பல கார்களிற் புதிய முன்பட்டையின் உராய்வுப் பகுதி 10 முதல் 12 மில்லிமீற்றர் வரை இருக்கும். 3 மில்லிமீற்றரை அடைந்ததும் மாற்றுதல் நன்று. எமது மெக்கானிக் பட்டைகளை வரிசையாக வைத்ததும் இவ்வளவையே. அவர் கண்ணாற் செய்ததை நாம் எண்ணாற் செய்கின்றோம்.

தண்டுகளை உருவியெடுத்துப் பழைய கிறீஸையும் துருவையும் முற்றாக நீக்க வேண்டும். விரலால் தள்ளினாலே வழுக்கிச் செல்லுதல் நலமான தண்டின் அறிகுறி. குழி விழுந்த தண்டையும் கிழிந்த இறப்பர் உறையையும் மாற்றிவிட வேண்டும். இதற்குரிய வெப்பந்தாங்கும் சிலிக்கோன் கிறீஸையே பூச வேண்டும். சாதாரண கிறீஸோ என்ஜின் எண்ணெயோ இறப்பரை வீங்கச் செய்து தண்டை முன்னிலும் இறுக்கிவிடும். எமது காரின் தண்டுகளில் முன்னர் பூசப்பட்டிருந்தது அத்தகைய கிறீஸே. சில கலிப்பர்களில் மேல், கீழ்த் தண்டுகள் வேறுபட்டவை. அவற்றை இடம் மாற்றலாகாது.

பட்டையின் காதுகள் அமரும் இடங்களைக் கம்பித் தூரிகையாற் துப்புரவு செய்தபின், முசலத்தை ஒரு கவ்வியால் மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். அப்போது எண்ணெய்க் கலம் நிரம்பி வழியாது பார்த்துக்கொள்ள வேண்டும்; பிறேக் எண்ணெய் வண்டியின் வர்ணத்தை அரிக்கும். கைப்பிறேக்கும் இணைந்துள்ள பின்கலிப்பர் பலவற்றில் முசலத்தைத் தள்ளாது திருகியே உட்செலுத்த வேண்டும். பெரும்பலம் வேண்டியிருப்பின் வளையங்களை மாற்றிப் புதுக்கவோ கலிப்பரையே மாற்றவோ வேண்டும்.

தட்டின் தடிப்பு அதிற் பொறிக்கப்பட்டுள்ள ஆகக்குறைந்த அளவிலும் தாழ்ந்திருப்பின் அதனையும் மாற்றுதல் அவசியம். பட்டைகளையும் தட்டுகளையும் ஓர் அச்சின் இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒருபுறம் மாத்திரம் மாற்றுவது புதிய ஏற்றத்தாழ்வைத் தோற்றுவிக்கும். அனைத்தையும் பூட்டிய பின், வண்டி ஓரங்குலமேனும் நகருமுன் மிதி கடினமாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். பின்தள்ளப்பட்ட முசலம் பட்டையைத் தொடுவதற்கு முன் முதல் மிதி வெறுமையாகவே செல்லும்; இதனை மறந்தோர் கராஜின் சுவரில் மோதியதுண்டு.

5. பயன்பாடும் பயனின்மையும்

எமது காரின் தண்டுகள் ஏன் துருவேறின? 'மூலதனம்' முதலாம் பாகத்தில் (1867) இயந்திரம் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ், இயந்திரத்தின் பௌதிகத் தேய்வை இருவகைப்படுத்துவார்: பயன்படுத்துவதால் வருவது ஒன்று, பயன்படுத்தாமையால் வருவது மற்றொன்று. எமது பட்டை முதலாம் வகையால் அழிந்தது. அவ்வழிவை விரைவுபடுத்தியது தண்டுகளில் நிகழ்ந்த இரண்டாம் வகை. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் இந்நாட்டின் ஏராளமான வண்டிகளைப் போன்றே எமது காரும் வாரக்கணக்கில் மழையில் அசையாது நின்றது. பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் சேரச் சேர அது முசலத்தைத் துருப்பிடிக்கச் செய்வதோடு கொதிநிலையையும் இழக்கும். டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் ஆகக்குறைந்தது 205 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஈரமேறிய நிலையில் அவ்வெல்லை 140 பாகையாகத் தாழும். நீண்ட இறக்கங்களில் இவ்வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாகும். இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுமாறு பல உற்பத்தியாளர்கள் விதித்திருப்பது இதனாலேயே.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளை ஓடச்செய்தவை கராஜ்களே. அங்கு உழைப்போரின் உடல்நலம் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். நெடுங்காலமாகப் பிறேக் பட்டைகளில் அஸ்பெஸ்டஸ் சேர்க்கப்பட்டு வந்தது. இன்றைய பட்டைகளிற் பெரும்பாலானவற்றில் அது இல்லையெனினும், அவற்றின் நுண்தூசும் நுரையீரலுக்கு உகந்ததன்று. காற்றுக் குழாயினால் அத்தூசை ஊதிப் பறக்கவிடும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். நீராலோ உரிய திரவத்தாலோ நனைத்துத் துடைப்பதே தக்க முறை. விரைவாக வேலை முடியவேண்டும் என்று வாசலில் நின்று அவசரப்படுத்தும் நாமும் அத்தூசுக்குப் பொறுப்பாளிகளே.

அம்முதியவர் பழைய பட்டைகளை எறியாது எம்மிடமே தந்தார். இரு பட்டைகளும் இப்போது எமது மேசையில் உள்ளன. அடுத்த முறை எவரேனும் தேய்ந்த பகுதியைக் காட்டி அதன் விலையை மட்டும் கூறினால், தேயாத பகுதியையும் காட்டுமாறு நாம் கேட்போம். வாசகரும் அவ்வாறே கேட்பாராக.