கண்ணாடி அணிந்தவர் விமானி ஆகலாமா?

தாம்பரம் விமானப்படைத் தளத்தை ஒட்டிய ராஜகீழ்ப்பாக்கத்தில் அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்கு விமானி கனவு வருவது இயல்பு. கண்ணாடி போட்டதும் அந்தக் கனவைக் கைவிட வேண்டியதில்லை. விமானப்படையின் விதிகள் கடுமையானவை. பயணிகள் விமானத்துக்கோ வழி உண்டு. சர்வதேச விதிப்படி ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்களும் சேர்ந்து 6/6 பார்வை வேண்டும். அதைக் கண்ணாடியாலோ கான்டாக்ட் லென்ஸாலோ எட்டினாலும் போதும். நடுவானில் கண்ணாடி உடைந்தால்? அதற்காகவே மாற்றுக் கண்ணாடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது கட்டாயம். நாற்பதை நெருங்கும்போது அருகிலுள்ள எழுத்து மங்கத் தொடங்கும். கருவிகளைப் படிக்கவும் கண்ணாடியே துணை. நிறங்களைப் பிரித்தறியும் திறனுக்குத் தனிச் சோதனை உண்டு. ஆபத்து கண்ணாடியில் இல்லை, குறையை மறைப்பதில்தான். ஆகவே, பிள்ளைகளின் கண்களைக் காலத்தே பரிசோதியுங்கள்.