கிறீச்சிடும் பிரேக்கும் எண்ணெய்க் கிண்ணமும்

மோட்டார் ரசிகரின் குறிப்புகள் – 9

கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டாலும், ஊஞ்சல் சங்கிலி முனகினாலும், கதவின் கீல் அழுதாலும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு புறப்படுவதே நம் வீடுகளில் பரம்பரையாக வந்த வைத்தியம். அதையே நம்பி வளர்ந்த நான், இங்கிலாந்தில் சில காலம் தங்கியிருந்தபோது, அண்டை வீட்டுப் பெரியவர் தம்முடைய பழைய எம்.ஜி.பி. காரின் பிரேக் எழுப்பும் ஓலத்தைப் பற்றி முறையிடவே, "கொஞ்சம் எண்ணெய் விட்டால் போகாதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை; கோபிக்கவும் இல்லை. "எண்ணெய் பட்டால் சப்தம் போகும், கூடவே பிரேக்கும் போகும்" என்று சொல்லிவிட்டு, ஜாக்கியை என் கையில் கொடுத்துக் கொட்டகைக்குள் அழைத்துப் போனார். சென்ற வாரம் அந்தக் கொட்டகையில் கார்புரேட்டரோடு மல்லுக்கட்டிய கதையைச் சொன்னேன். இந்த வாரம் பிரேக்.

ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே சில மைல் தூரத்தில், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ஆபிங்டன் என்னும் சிற்றூரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டுத் தயாரான இந்த வண்டி, 1,798 சி.சி. எஞ்சினும், மடித்துக்கொள்ளும் மேற்கூரையும் கொண்ட எளிய விளையாட்டுக் கார். முன் சக்கரங்களுக்கு டிஸ்க், பின் சக்கரங்களுக்கு டிரம் என்று இருவகைப் பிரேக்கும் அதில் உண்டு. ஆகையால் ஓலமிடும் பிரேக்கைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியது அநேகமாக முழுவதையும் அந்த ஒரு வண்டியே கற்பித்துவிடும். பெரியவருடைய காரின் பிரேக் ஓலமிட்டதற்கு அதைக் கட்டியவர்களிடத்தில் குற்றம் காண நியாயமில்லை; காரணம் வேறு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பிரேக்கின் அலறல் பிரேக்கோடு கூடவே பிறந்தது. பர்மிங்ஹாமில் கார் செய்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-ஆம் வருஷத்தில் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது, சுழலும் உலோகத் தட்டைச் செம்புக் கட்டைகளால் கவ்விப் பிடிக்கும்படி அதை அமைத்தார். உலோகத்தோடு உலோகம் உரசி எழுந்த கூச்சலைச் சகிக்க முடியவில்லை. டெர்பிஷயரின் மலைச் சரிவுகளில் குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸுத் தோலைக் கட்டையில் அறைந்து சக்கரத்தை நிறுத்துவதைப் பார்த்த ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர், இதைவிட உறுதியான லைனிங் செய்ய முயன்று, பிற்பாடு அஸ்பெஸ்டாஸ் நாரைக் கையாண்ட பிறகுதான் பிரேக்குக்குக் கொஞ்சம் வாய் அடங்கியது. அவர் 1897-இல் தொடங்கிய ஃபெரோடோ நிறுவனத்தின் பெயர் இன்றைக்கும் பிரேக் பேடுகளின் மேல் அச்சாகி வருகிறது. டிஸ்க் பிரேக்கின் புகழோ 1953-இல் லெமான் நகரத்து இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் கார்கள் அதைப் பூட்டிக்கொண்டு வெற்றி பெற்ற பிறகே உலகெங்கும் பரவிற்று.

ஆனால் சப்தம் ஏன் எழுகிறது? பிடிலின் தந்தியை வில் எப்படிப் பேச வைக்கிறதோ, அப்படியே பேடும் டிஸ்க்கைப் பேச வைக்கிறது. ஒட்டிக்கொள்வதும் வழுக்குவதும், மறுபடி ஒட்டிக்கொள்வதும் வழுக்குவதுமாக ஒரு வினாடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை நடக்க, அந்தத் துடிப்புக்கு இரும்புத் தட்டு முழுவதும் கோயில் மணியைப் போல் இசைந்து அதிர்கிறது. வேகம் கூடக் கூட உராய்வு குறைவதே இதற்கு மூலம் என்று 1938-இல் மில்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் எழுதினார். அது மட்டும் போதாது, பேடு சாய்ந்து டிஸ்க்கில் முட்டுக் கொடுத்து நின்று விடுபடும் கோணமும் காரணம் என்று 1961-இல் ஸ்பர் என்பவர் வாதித்தார். நம் செவியோ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளுக்கே மிகவும் கூர்மையானது. பிரேக்கின் கிறீச்சோ பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே வந்து விழுகிறது. தெருக்கோடியில் நின்று கொண்டிருப்பவரும் திரும்பிப் பார்க்கிறார் என்றால், அது அவருடைய குற்றமன்று.

ரோகத்தை நிதானிப்பதற்கு ஸ்பானரைவிடக் காதுதான் முந்திய கருவி. பெரியவர் காரின் கூரையை மடித்துவிட்டு, நெடிய செங்கல் மதில் ஒன்றை ஒட்டி மெதுவாக ஓட்டி, மதிலில் பட்டுத் திரும்பும் ஒலியைக் கேட்டு, எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டார். பிறகு பிரேக் மிதியைத் தொடாமல், கைப் பிரேக்கை மட்டும் இம்மி இம்மியாக உயர்த்தினார். பின் டிரம்மில் குற்றம் இருந்தால் இப்போதே தெரிந்திருக்கும், தெரியவில்லை. மெல்ல மிதித்தால் கிறீச்சென்றது, அழுத்தி மிதித்தால் அடங்கிற்று, பின்னோக்கி ஓட்டினால் மௌனமாயிருந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் பேடு இருக்கையில் சரியாக உட்காரவில்லை என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். அவ்வாறின்றி உலோகம் அறைபடும் கரகரப்பு மிதியின் ஒவ்வொரு அழுத்தத்திலும் எழுமானால், பேடு தேய்ந்து அடித்தகடு டிஸ்க்கைச் சுரண்டுகிறது என்று பொருள். அதற்குமேல் ஒரு மைல்கூட ஓட்டலாகாது. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை சுரண்டினால், டிஸ்க்குக்கும் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே சிறு கல் சிக்கியிருக்கக்கூடும். மழை பெய்த மறுநாள் காலையில் முதல் நாலைந்து மிதிகளில் வரும் உரசலோ வெறும் துரு; தானே போய்விடும். கம்பிச் சக்கரம் பூட்டிய வண்டிகளில் பிரேக் பிடித்த கணத்தில் "டக்" என்று ஒரு தட்டல் கேட்குமானால், பிரேக்கை விட்டுவிட்டு, ஹப்பின் பல்வரிகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பல்வரியின் குற்றத்துக்காகப் பிரேக்கைத் தண்டித்தவர்கள் அநேகர்.

இடது முன் சக்கரத்தைச் செம்புத் தலைச் சுத்தியலால் தட்டித் தளர்த்திக் கழற்றியபோது, விஷயம் விளங்கிற்று. இரண்டு பின்களையும் உருவிப் பேடுகளை வெளியில் எடுத்தால், அதிர்ச்சியைத் தாங்குவதற்காகப் பேடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இருக்க வேண்டிய மெல்லிய தகடு ஒரு பக்கத்தில் அடியோடு இல்லை. முன்பு யாரோ ஒரு மெக்கானிக் திரும்பப் போட மறந்திருக்கிறார். பேடின் ஓரங்கள் காலிப்பரின் துருவில் இறுகியிருந்தன. பேடின் முகமோ பளிங்காய் மெருகேறியிருந்தது. கோடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், அதுவும் குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவதுபோல் மிருதுவாக, ஓட்டப்பட்ட வண்டிக்கு இப்படித்தான் நேரும். இதற்கு நேர்மாறான மோகமும் ரசிகர்களிடையே உண்டு: சூடேறினாலன்றி வேலை செய்யாத பந்தயப் பேடுகளை வாங்கிப் பூட்டிக்கொண்டு, கடைத்தெருவுக்குப் போய் வருகிறவர்கள் அவர்கள், அவர்களுடைய பிரேக்கும் கூவும். செல்லமும் பேராசையும், என் அபிப்பிராயத்தில், பொழுதுபோக்குக் கார்களின் பிரேக்கைக் கெடுப்பதில் தேய்மானத்தைவிடக் குறைந்தவையல்ல.

பழைய பேடுகளை உப்புத்தாளில் தேய்த்து மெருகைப் போக்கலாமே என்றேன். பெரியவர் ஒப்பவில்லை. பிரிட்டனில் அஸ்பெஸ்டாஸ் 1999-இல்தான் தடையாயிற்று. அதற்கு முந்திய லைனிங் எதுவானாலும் அந்த நார் அதில் இருக்கக்கூடும். அதன் தூசியோ நுரையீரலில் தங்கி, பல்லாண்டு கழித்துப் பழிவாங்கும். ஆகையால் பேடுகளை ஈரத்துணியில் சுற்றிப் பையில் முடிந்து வைத்தோம். காலிப்பரையும் ஈரத்துணியாலேயே துடைத்தோம். வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயை வைத்து அடிப்பதும் இந்த வேலையில் மகா பாதகம்.

பிறகு பிஸ்டனைப் பார்த்தோம். மிதியை விட்டதும் பிஸ்டனை மயிரிழை பின்னுக்கு இழுத்துக்கொள்வதற்குத் தனியாக ஸ்பிரிங் ஒன்றும் கிடையாது. அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் முறுக்குண்டு திரும்புவதே அந்தக் காரியத்தைச் செய்கிறது. சீல் கெட்டியாகிவிட்டாலும், பிஸ்டனில் துரு ஏறினாலும் பேடு ஓயாமல் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். பெரியவரின் வண்டியில் பிஸ்டன் நன்றாகவே இருந்தது. அதை மெள்ள உள்ளே தள்ளும்போது குப்பியில் பிரேக் திரவம் மேலே ஏறி வழியப் பார்த்தது. ஒரு துளி சிந்தினாலும் வர்ணத்தைத் தின்றுவிடும் திரவம் அது. துணியோடு ஓடினேன்.

டிஸ்க்கின் மெருகை நைஸான எமரித் துணியால் வட்டவட்டமாகக் கலைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காலிப்பரின் துருவைச் சுரண்டி, புதுப் பேடுகளையும் புதுத் தகடுகளையும் பூட்டினோம். பேடின் முதுகில், இரும்பு இரும்பைத் தொடும் இடத்தில் மட்டும், உயர்ந்த வெப்பம் தாங்கும் கிரீஸைத் துவரம்பருப்பளவு தடவினோம். முகத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை. எண்ணெய் குடித்துவிட்ட பேடை அடுப்பில் வாட்டி மீட்கலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை, புதிதாக வாங்குவதே கௌரவம். கடைசியாக ஹப்பை அசைத்து, பேரிங்கின் ஆட்டத்தை டயல் கேஜில் பார்த்தோம். அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு முதல் நான்கு பங்குக்குள் அது இருக்க வேண்டும், இருந்தது.

புதுப் பேடுகள் டிஸ்க்கோடு பழக வேண்டும். ஆளரவமற்ற சாலையில் நாற்பது மைல் வேகத்திலிருந்து பத்து மைலுக்கு இறக்குவதும், ஆற விடுவதுமாக எட்டுப் பத்து முறை செய்தோம். முழுவதும் நிறுத்திச் சூடான பேடை ஒரே இடத்தில் அழுத்தி வைக்கவில்லை. திரும்பி வரும்போது அதே செங்கல் மதிலை ஒட்டியே ஓட்டினார். டயரின் சப்தம் கேட்டது. எஞ்சினின் சப்தம் கேட்டது. பிரேக்கின் சப்தம் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டுச் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள், அடியில் ஸ்டாண்டு கொடுங்கள், வேலை முடிந்ததும் வண்டியைக் கிளப்புவதற்கு முன் மிதி கெட்டியாகும்வரை நாலைந்து தடவை மிதித்துப் பாருங்கள். முதல் மிதி தரைமட்டும் போகும்.

(அடுத்த வாரம்: கிளட்ச்)